துலக்கி வைத்த துப்பாக்கி

கிராட்ஸ், ஆஸ்திரியா
4 செப்டம்பர் 1983

அன்புத் தங்கை யோக்காவுக்கு,

நானும் உன் அண்ணியும் சௌக்கியம். என் இடுப்பு வலி எங்கள் இருவரையும்விடச் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்க்கிறாயா, இல்லை வழக்கம்போல் அதை மறந்துவிட்டாயா?

உன்னால் ஒரு காரியம் ஆகவேண்டும். மாஷான் வீட்டை விற்றுவிட்டு வடக்கே தொலைவில் நோவி சாட் நகரில் இருக்கும் மகளோடு போய்த் தங்கப்போகிறானாம். அவன் அப்பாவின் கைத்துப்பாக்கியும் விலைக்கு வருகிறது என்று இங்குள்ள நம்மூர்க்காரர்கள் சொன்னார்கள். அரசர் காலத்தில் ஆம்பளை என்றால் இடுப்பில் இருந்தாக வேண்டும் என்று சட்டம் போட்டார்களே, அந்த நீளக்குழல் துப்பாக்கிதான். என் அலமாரியில் குதிரைப்படைத் துப்பாக்கி இருக்கிறது, துருக்கியன் விட்டுப்போனது இருக்கிறது. செட்டின்யேவில் பிறந்தவன் வீட்டில் செட்டின்யேத் துப்பாக்கி இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

நீதான் போய்ப் பார்க்கவேண்டும். முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலையில் அளவு பார்த்தவள். உன் கண்ணுக்கு ஒரு மயிரிழை தப்பாது. குழலின் மேல் வியன்னா முத்திரையும் அம்பு பாய்ந்த சின்னமும் இருக்கவேண்டும். இல்லையென்றால் அது வேறு நாட்டான் அடித்த போலி. பழுப்பேறிய மேற்பரப்பு அப்படியே இருக்கவேண்டும். அதுதான் முக்கியம். யாராவது தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தால் பாதி விலைகூடப் பெறாது.

வாங்குவது நான் என்று சொல்லாதே. வெளிநாட்டுக்காரன் என்றால் விலையை ஏற்றிவிடுவான். பழைய கதையை நினைத்துக்கொண்டு தயங்காதே. அவனும் கிழவன், நீயும் கிழவி. போகப் பிடிக்கவில்லையென்றால் சொல், வேறு ஆளைப் பார்க்கிறேன்.

உன் அண்ணன்,
பெரிஷா

*

செட்டின்யே
16 செப்டம்பர் 1983

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

கடிதம் வந்தது. முழங்கால் மேடேறும்போது மட்டும் பேசுகிறது, மற்ற நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. அண்ணியின் ரத்தக்கொதிப்பைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லையே?

நேற்று மாஷான் வீட்டுக்குப் போனேன். சிறையிலிருந்து விடுதலையாகி வந்த பிறகு நம் வாசலை எட்டிக்கூடப் பார்க்காத மனிதர். அவர் வாசலுக்கு நான் ஏன் போகவேண்டும் என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்களுக்காகத்தான் போனேன்.

வருகிறேன் என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தேன். தப்பு அங்கேதான் நடந்துவிட்டது. மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் துப்பாக்கியை வைத்திருந்தார். புது ஸ்பூன் மாதிரி மின்னியது. சாம்பலும் வினிகரும் போட்டு நாள் முழுக்கத் தேய்த்திருக்கிறார்.

"என்ன மாஷான், இப்படிப் பண்ணிட்டீங்க? அந்தப் பழுப்புக்குத்தான மதிப்பே!"

"துருவுக்கா மதிப்பு? எந்த மடையன் சொன்னான்?"

"வாங்குறவர் சொல்றாரு."

"விருந்தாளி வர்ற வீட்டுல துருப்பிடிச்ச ஆயுதத்த எடுத்து வச்சா, எங்கப்பா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து என்னை அறைவாரு. நீ வர்றேன்னு ஆள் அனுப்புற, நான் சும்மா உக்காந்திருப்பேனா? சட்டைக்குக்கூட இஸ்திரி போட்டேன். அதுக்கும் மதிப்பு கொறஞ்சுபோச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அண்ணா. அவர் மனைவி இறந்து நாலு வருஷம் ஆகிறதாம். சட்டைக் காலரில் இஸ்திரி சுட்ட தடம் இருந்தது.

வியன்னா முத்திரை இருக்கிறது. அம்புச் சின்னம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஆனாலும் தெரிகிறது. குழலுக்குள் சுருள்வரிகள் கூர்மையாக இருக்கின்றன. அளவுகோலை எடுத்துப்போக மறந்துவிட்டேன். அடுத்த வியாழக்கிழமை மறுபடி போகவேண்டும்.

அன்புடன்,
யோக்கா

*

கிராட்ஸ்
25 செப்டம்பர் 1983

அன்புத் தங்கைக்கு,

உன் அண்ணியின் ரத்தக்கொதிப்பு மாத்திரையில் அடங்கியிருக்கிறது. உன் கடிதம் படித்ததும் என்னுடையது ஏறிவிட்டது.

சாம்பலும் வினிகருமா! நூறு வருஷம் ஆகிப் படிந்த தோலை ஒரே நாளில் உரித்துப்போட்டிருக்கிறான். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்தப் புத்தி வராது. விற்கிற பொருளை விருந்தாளிக்காக அலங்கரித்துக் கெடுக்க நம்மாளால்தான் முடியும். அன்றைக்கு முழுக்க நான் சாப்பிடவில்லை. உன் அண்ணியைக் கேட்டுப்பார்.

ஆனாலும் முத்திரை தப்பியது என்கிறாயே, அதனால் விடவும் மனசில்லை. எண்களைப் பார். உடல், குழல், தோட்டா உருளை மூன்றிலும் ஒரே எண் இருக்கவேண்டும். நாலாவதாகக் கைப்பிடிக்கு அடியில் ஒன்று இருக்கும். ஒன்று மாறினாலும் அது பல துப்பாக்கிகளைச் சேர்த்து ஒட்டியது. திருகாணித் தலைகளில் கீறல் இருந்தால் அதையும் எழுது.

அங்கே கடைகளில் காப்பி கிடைப்பதில்லை என்கிறார்கள். ஒரு கிலோ அனுப்பியிருக்கிறேன். மூன்று மாதத்துக்கு வரும், சிக்கனமாகப் போட்டுக் குடி.

பெரிஷா

*

செட்டின்யே
21 அக்டோபர் 1983

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. வழக்கம்போல விடுகிற எண்ணமே இல்லை. உங்கள் இடுப்புக்கு ஒட்டகக் கம்பளிப் பட்டை நல்லது என்று டாக்டர் வீட்டம்மா சொன்னார். அங்கே கிடைக்குமா பாருங்கள்.

மூன்று எண்களும் ஒன்றாகவே இருக்கின்றன. குழல் நீளம் 235.2 மில்லிமீட்டர். மறு வாரமும் அளந்தேன், 235.2. நேற்றும் அளந்தேன், அதேதான். கைப்பிடித் திருகாணி இறுகிப்போயிருக்கிறது. பலவந்தமாகத் திருகினால் தலை சிதையும், நீங்கள் திட்டுவீர்கள். அதனால் எண்ணெய் விட்டு ஊற வைத்திருக்கிறேன். ஒரு வாரம் ஊறியும் அசையவில்லை. இன்னும் ஒரு வாரம் ஊறட்டும்.

மாஷான் என்னைச் சோதனைக்கு வந்த அதிகாரி மாதிரி நடத்துகிறார். நான் கண்ணாடியை மாட்டினால் பேச்சை நிறுத்திவிடுவார், கழற்றினால் தொடங்கிவிடுவார்.

"யாருக்குத்தான் இது? வாங்குறவரு யாரு?"

"ஒரு சேகரிப்பாளர்."

"இன்னும் எத்தனை கேள்வி வச்சிருக்காரு அவரு?"

"நெறைய வச்சிருக்காரு."

"நல்ல மனுஷன்" என்றார்.

வீடு வாங்கியவர்கள் ஜனவரி கடைசியில் குடிவருகிறார்களாம். சாமான் எல்லாம் கட்டியாகிவிட்டது. இந்தத் துப்பாக்கி விலைபோனால் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிடலாம் என்கிறாள் மகள். வேலை முடியாமல் எப்படிக் கிளம்புவது என்கிறார் இவர். நானும் அவசரப்பட்டு எதையும் தீர்மானிக்கக்கூடாது என்றுதான் பார்க்கிறேன். பழைய பொருள் பாருங்கள், நிதானம் வேண்டும்.

நீங்கள் அனுப்பிய காப்பி தீர்ந்துவிட்டது. முடிந்தால் இன்னொரு பார்சல் அனுப்புங்கள்.

யோக்கா

*

கிராட்ஸ்
30 அக்டோபர் 1983

தங்கை யோக்காவுக்கு,

எல்லாரும் நலம். கம்பளிப் பட்டை வாங்கிவிட்டேன், அரிக்கிறது.

ஒரு ஒற்றை ஆள் மூன்று வாரத்தில் ஒரு கிலோ காப்பி குடித்தால் அவளை ஆஸ்பத்திரியில்தான் தேடவேண்டும். நீ ஆஸ்பத்திரியில் இல்லை. அப்படியானால் இன்னொரு வாய் இருக்கிறது.

இறுகிய திருகாணிக்கு ஒரு ராத்திரி எண்ணெய் போதும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். இரும்புக் குழல் வாரா வாரம் வளராது என்பதும் உனக்குத் தெரியும். போலி முத்திரையை நூறு அடி தள்ளி நின்று கண்டுபிடிக்கிறவன் நான். என்னிடம் இந்த விளையாட்டு வேண்டாம்.

அவன் என்ன பேசுகிறான் உன்னிடம்? பழசையெல்லாம் கிளறுகிறானா? அவன் சொல்வதை எல்லாம் நம்பாதே. தீவுச் சிறையில் இருந்து வந்தவர்களுக்கு ஞாபகம் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். விலையைக் கேட்டு எழுது. காரியத்தை முடித்துவிட்டு வீட்டில் இரு.

காப்பி அரை கிலோ அனுப்பியிருக்கிறேன்.

பெரிஷா

*

செட்டின்யே
25 நவம்பர் 1983

அண்ணாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்களும் அண்ணியும் நலமாக இருக்கவேண்டும்.

மதிப்பீட்டை எழுதிவிடுகிறேன். கைப்பிடி எலும்பு, இடப்பக்கம் மெல்லிய விரிசல். அதற்கடியில் உள்ள நாலாவது எண்ணும் பொருந்துகிறது. ஆறு அறைகளும் சுத்தம். விசை இழுத்தால் உருளை தடங்கலில்லாமல் திரும்புகிறது. அடியில் உள்ள வளையம் பழையதே. மேற்பரப்பு முழுவதும் தேய்க்கப்பட்டது. பொருள் அசல், தோற்றம் போய்விட்டது. விலையை அவர் இன்னும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னொன்று. போன வியாழக்கிழமை மாஷானிடம் உங்கள் மேல் சத்தியம் செய்ய வேண்டியதாகிவிட்டது. நம் ஊரில் ஒரு பெண் அண்ணன் மேல் சத்தியம் செய்தால் அதற்குமேல் பேச்சில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு எந்தக் காலத்திலும், யாரோடும், கல்யாணம் நிச்சயமானதில்லை என்று சத்தியம் செய்தேன். அதைக் கேட்டதும் அவர் கையிலிருந்த கிண்ணத்தைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டார்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதை நான் எழுதவில்லை. பயப்படாதீர்கள், நான் செய்தது மெய்ச்சத்தியம். அதனால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது.

யோக்கா

*

கிராட்ஸ்
18 டிசம்பர் 1983

அன்புத் தங்கைக்கு,

நாளை நம் வீட்டுப் புனித நிக்கோலா திருநாள். அண்ணி ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறாள். நீயும் விளக்கேற்றியிருப்பாய். இங்கே முழங்கால் வரை பனி. பக்கத்து வீட்டுக்காரர் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். என் இடுப்பு பரவாயில்லை.

துப்பாக்கி விஷயத்தை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். தேய்த்த பொருளை அலமாரியில் வைத்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவனிடம் சொல்லிவிடு. இனி அங்கே போகவேண்டிய வேலையும் இல்லை.

குளிரில் வெளியே அலையாதே.

பெரிஷா

*

செட்டின்யே
8 ஜனவரி 1984

அண்ணாவுக்கு,

நேற்று நம் பழைய காலண்டர்ப்படி கிறிஸ்துமஸ். கர்த்தர் உங்கள் வீட்டுக்கு எல்லா நலமும் கொடுக்கட்டும். அண்ணிக்கு என் முத்தங்கள்.

வெளியே பனி கொட்டியது. பண்டிகை நாளில் தனியாக இருக்கவேண்டாம் என்று மாஷானைச் சாப்பிடக் கூப்பிட்டேன். வாசல் வரை வந்தவர் படிக்குக் கீழேயே நின்றுவிட்டார். "உள்ள வாங்க" என்று மூன்று தடவை சொல்லவேண்டியதாகிவிட்டது. உப்புக்கண்டத்தைச் சின்னச் சின்னதாக நறுக்கி வைத்தேன், அவருக்குப் பற்கள் இல்லை.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். 1951-ஆம் வருஷம், இலையுதிர் காலத்தில், நான் கோட்டோரில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது, நம் வாசலுக்கு யாராவது வந்தார்களா? வந்தார்கள் என்றோ வரவில்லை என்றோ எழுதுங்கள். நீங்கள் எழுதுவதை நான் நம்புவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நம்பியிருக்கிறேன்.

அவருடைய பஸ் இருபத்திரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை.

யோக்கா

*

கிராட்ஸ்
14 ஜனவரி 1984

யோக்கா,

உடம்பு எப்படி என்று கேட்டு எழுதும் தகுதி எனக்கு இன்றைக்கு இல்லை.

வந்தான். அக்டோபர் மாதம், நல்ல மழை. தலையில் தொப்பியில்லை, வாயில் பாதிப் பல் இல்லை. எலும்பும் தோலுமாக நின்றான். நான் அவனை உள்ளே கூப்பிடவில்லை, படியிலேயே நிறுத்தினேன். "யோக்கா எப்படியிருக்கா?" என்றான். "அவளுக்கு நிச்சயம் ஆயிடுச்சு. நீ வந்துட்டுப் போனது தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுல என்ன நெனைப்பாங்க?" என்றேன். நனைந்துகொண்டே "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான். நீ திரும்பி வந்து, "விடுதலையாயிட்டாராமே, இங்க வந்தாரா?" என்று கேட்டாய். இல்லை என்றேன்.

அப்போது நான் ஆளும் கட்சி அலுவலகத்தில் வேலையில் இருந்தேன். அரசியல் கைதிக்குத் தங்கையைக் கொடுத்தால் வேலை போகும், அடுத்த படகில் என்னையும் தீவுக்கு ஏற்றுவார்கள் என்று பயந்தேன். அது ஒரு இரண்டு மூன்று வருஷத்துப் பயம். அதற்குப் பிறகு இருந்தது வேறு பயம், உண்மையைச் சொன்னால் நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்ற பயம். அது முப்பது வருஷம் இருந்தது. வந்த வரன்களையெல்லாம் நீ வேண்டாம் என்றபோது, 'என் தங்கை அப்பா வீட்டை விட்டு நகரமாட்டாள்' என்று ஊரில் பெருமையடித்தேன். நினைத்தால் வாயைக் கழுவவேண்டும் போல இருக்கிறது.

என் பெயரைச் சொல்லாதே என்று உனக்கு எழுதியது விலைக்காக இல்லை. உங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பெயர் வந்துவிடக்கூடாது என்றுதான். ஒரு துப்பாக்கிக்கு ஆசைப்பட்டு என் கையாலேயே உன்னை அங்கே அனுப்பினேன்.

இந்தக் கடிதத்தை அவனிடம் காட்டு. நீ அவனோடு போ, யோக்கா. வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். யாராவது ஏதாவது சொன்னால் அண்ணன்தான் அனுப்பிவைத்தான் என்று சொல். அவசரத் தபாலில் போடுகிறேன். பஸ்ஸுக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

பெரிஷா

*

செட்டின்யே
29 ஜனவரி 1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறதா என்று நான் கேட்கத்தான் செய்வேன். மாத்திரைகளை இருவரும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

கடிதம் பத்தொன்பதாம் தேதியே வந்துவிட்டது. வியாழக்கிழமை. தபால் தாமதமாகிவிட்டது என்று நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.

அன்றைக்கே எடுத்துக்கொண்டு போனேன். மாஷானுக்குக் கண்ணாடி மூட்டைக்குள் போய்விட்டதால் நானே படித்துக் காட்டினேன். படியில் நிறுத்திய இடத்துக்கு மேல் நான் படிக்கவில்லை. கையை நீட்டி வாங்கிக்கொண்டு, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து மிச்சத்தை அவரே படித்தார்.

"உங்கண்ணன் கையெழுத்து இன்னும் அழகாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "வாங்குறது அவன்தான்னு எனக்கு அக்டோபர்லயே தெரியும். நீ கொண்டுவந்த காப்பிதான் சொல்லிச்சு. இந்த ஊர்ல வேற யாருகிட்ட அசல் காப்பி இருக்கு?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா நீ வர்றத நிறுத்திடுவே."

துப்பாக்கியைத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்தார். உங்களுக்குத்தானாம். விலை கேட்டேன். "விக்கிறவன் நான், எனக்கே விலை தோணல. அவன் அலமாரியில இருக்கட்டும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அண்ணா. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். எல்லை தாண்ட அனுமதித் தாள் கிடைத்ததும் துப்பாக்கியைத் தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து இரண்டு பஸ் டிக்கெட் எடுத்துக் காட்டினார். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே வாங்கியது. "ஒண்ணு வீணாப்போனாலும் பரவால்லன்னு எடுத்தேன்" என்றார்.

யோசிக்க வேண்டும் என்றேன். மூன்று நாள் இருந்தது, யோசித்தேன். கூரை ஒழுகுகிறது, யார் பார்ப்பார்கள்? அவர் மகள் முகத்தில் எப்படி விழிப்பது? ஐம்பத்தெட்டு வயதில் ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் இந்தத் தெரு என்ன பேசும்? அண்ணன்தான் அனுப்பினார் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. பெட்டியைக்கூட எடுத்து வைத்தேன். அதில் என்ன வைப்பது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்துக்குப் போனேன், வெறுங்கையோடு. அவர் என் கையைத்தான் முதலில் பார்த்தார். ஏறி உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் தொப்பியைக் கழற்றி வைத்தார். டிரைவர் கதவைச் சாத்தாமல் என்னைப் பார்த்து, "ஏறுறீங்களாம்மா?" என்றான். "இல்லப்பா, வழியனுப்ப வந்தேன்" என்றேன். அது என் வாயிலிருந்துதான் வந்தது.

முப்பத்திரண்டு வருஷம் அவர் வரவில்லையே என்று அழுதேன். இரண்டு மாதம் நீங்கள் தடுத்துவிட்டீர்களே என்று அழுதேன். உங்களை மன்னிக்க முடியுமா என்று நிறைய யோசித்தேன். அன்றைக்கு அங்கே நீங்கள் இல்லை. கட்சி இல்லை, தீவு இல்லை, ஊரில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. மழைகூட இல்லை. கதவு திறந்திருந்தது, அண்ணா. நான்தான் ஏறவில்லை.

உங்கள் தங்கை,
யோக்கா